எம்ஆர்ஐ எடுப்பவர்கள் ஏன் படித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் இரவிலும் ஓய்வதில்லை. துறையின் கதவு பூட்டியிருக்கும்போதும், கணினித் திரை அணைந்திருக்கும்போதும், உள்ளே ஒருவரும் படுத்திராதபோதும் அதன் இழுவிசை துளியும் குறையாது. மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பவை 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்ட காந்தங்கள். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. ஹீலியத் திரவத்தில், சுழியத்துக்குக் கீழே 269 பாகைக் குளிரில் வைக்கப்பட்ட கம்பிச்சுருளில் மின்சாரம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருப்பதால் இந்த வலிமை கிடைக்கிறது.

இந்த அறையில் வேலை செய்பவர்களுக்குப் பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிவதில்லை. ‘தொடர்கல்வி’ என்ற பெயரில் ஓய்வுபெறும் வரை அது தொடர்கிறது. சிங்கப்பூரில் ஸ்கேன் எடுப்பவரை ரேடியோகிராஃபர் என்கிறார்கள். படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவர் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேன் வேண்டுமென்று எழுதிக்கொடுக்கும் மருத்துவர், ஊசி போடும் தாதி, மயக்க மருந்து தரும் மருத்துவர் என்று இன்னும் பலர் இந்த வேலையில் இணைகிறார்கள். தொடர்கல்வி இவர்கள் எல்லோருக்கும் உரியது. இந்தத் துறைக்குப் படிக்க நினைக்கும் இளையர்களும், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஸ்கேன் தேதி வாங்கி வைத்திருக்கும் குடும்பத்தினரும் அதன் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் இயந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் கருவான புரோட்டான் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். பெரிய காந்தத்துக்குள் நாம் படுக்கும்போது அவை அந்தக் காந்தத்தின் திசையை அச்சாகக் கொண்டு, தலைசாய்ந்த பம்பரம்போல் சுழல்கின்றன. 1.5 டெஸ்லாவில் நொடிக்கு ஏறக்குறைய 6.4 கோடிச் சுற்று. 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 12.8 கோடி. அதே அலைவெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் புரோட்டான்கள் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது எழும் மெல்லிய சமிக்ஞையிலிருந்துதான் கணினி படத்தை உருவாக்குகிறது. கொழுப்பிலும் நீரிலும் கட்டியிலும் தழும்பிலும் அவை திரும்பும் வேகம் வெவ்வேறு என்பதால் படத்தில் இவற்றைப் பிரித்தறிய முடிகிறது. இந்த முறையில் படம் எடுக்கலாம் என்று 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. அதனால் ‘எம்ஆர்ஐ முற்றிலும் பாதுகாப்பானது’ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சரியான கேள்விகள் கேட்கப்பட்டு, சரியான ஏற்பாடுகள் செய்யப்பட்டால் அது பாதுகாப்பானதுதான். எந்தக் கேள்வி சரி, எந்த ஏற்பாடு சரி என்பதுதான் ஆண்டுக்காண்டு மாறிவருகிறது.

நேற்றைய பாடம் இன்று பிழையாகலாம்

இந்த மாற்றத்துக்கு கடோலினியத்தின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடோலினியம் ஓர் உலோகம். அதைக் கொண்டு செய்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றினால் கட்டிகளும் அழற்சிகளும் படத்தில் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் 1988இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து சிறுநீரகத்துக்குக் கேடு என்ற கவலை அப்போது இருந்ததால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு கடோலினியமே நல்ல மாற்று என்று பலரும் கருதினார்கள். சில இடங்களில் அவர்களுக்கே கூடுதல் அளவிலும் கொடுத்தார்கள். அன்றைய பாடத்தின்படி அது சரியான மருத்துவம்.

1997 முதல் சில சிறுநீரக நோயாளிகளின் தோல் மரக்கட்டைபோல் இறுகி, மூட்டுகளை மடக்க முடியாமல் போவதை அமெரிக்க மருத்துவர்கள் கவனித்தார்கள். காரணம் விளங்கவில்லை. 2006இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் ஒருவர், பாதிக்கப்பட்ட தம் நோயாளிகளுக்கு அதற்கு முன் கடோலினியம் கொடுக்கப்பட்டிருந்தது என்று எழுதினார். மற்ற நாடுகளிலும் பழைய கோப்புகளைப் புரட்டினார்கள். அங்கேயும் அதே தொடர்பு தெரிந்தது. 2007இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் உறையில் கடும் எச்சரிக்கை அச்சிட ஆணையிட்டது.

அதற்குப் பின் அச்சம் மறுபக்கம் சாய்ந்தது. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலே கான்ட்ராஸ்ட் கூடாது என்ற மனநிலை பரவியது. இதற்கிடையே ஆய்வுகள் தொடர்ந்தன. எல்லா கடோலினிய மருந்துகளும் ஒன்றல்ல என்று தெரிந்தது. உலோக அணுவை வளையம்போல் சுற்றிப் பூட்டி வைத்திருக்கும் மருந்துகள் அதை எளிதில் விடுவதில்லை. நீளச் சங்கிலி அமைப்பு கொண்ட பழைய மருந்துகள் சிலவற்றிலிருந்து அது கழன்றுவிடுகிறது. கழிவை வெளியேற்றச் சிறுநீரகம் தாமதிக்கும்போது ஆபத்து கூடுகிறது. பாதுகாப்பான வகையைச் சேர்ந்த மருந்துகளால், முற்றிய சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்தத் தோல் நோய் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று ரேடியாலஜிஸ்ட்களின் தொழில் அமைப்பான அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அந்நாட்டின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து அறிவித்தன. ஸ்கேன் உண்மையிலேயே தேவை என்றால் மருந்தை மறுக்க வேண்டாம் என்பது அந்த அறிவிப்பின் சாரம்.

2005ஆம் ஆண்டின் பாடத்தோடு நின்றுவிட்ட ஒருவர் நோயாளிக்குக் கேடு செய்வார். 2007ஆம் ஆண்டின் பாடத்தோடு நின்றுவிட்டவரும் கேடுதான் செய்வார். கல்லீரலில் உள்ள கட்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டிய நோயாளிக்கு அந்த வாய்ப்பை அவர் மறுத்துவிடுவார். சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவே முதன்மைக் காரணம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பத்தை இங்கே தேடத்தான் வேண்டும். நீரிழிவுக்காரர் ஒருவருக்குக் கான்ட்ராஸ்ட் போடலாமா கூடாதா என்று முடிவெடுப்பவர் எந்த ஆண்டின் பாடத்தில் நிற்கிறார் என்பது நம் வீட்டுக் கவலை.

இதய முடுக்கியான பேஸ்மேக்கரின் வரலாறும் இப்படித்தான். பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐ அறவே கூடாது என்பது ஒரு தலைமுறை ரேடியோகிராஃபர்கள் மனப்பாடம் செய்த விதி. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு எம்ஆர்ஐ எடுக்கத்தக்க முதல் பேஸ்மேக்கருக்கு 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று பழைய வகைக் கருவிகளையே எடுத்துக்கொண்டது. முன்கூட்டியே கருவியைச் சோதித்து, அமைப்பை மாற்றி, 1.5 டெஸ்லாவில், மார்புப் பகுதியைத் தவிர்த்து எடுத்த 1,500 ஸ்கேன்களில் ஓர் உயிரிழப்பும் நேரவில்லை என்று அது சொன்னது. பழைய விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், பக்கவாதம் வந்த முதியவர் ஒருவர் தமக்குத் தேவையான மூளை ஸ்கேனை இழந்திருப்பார். புதிய விதியை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, கருவியின் மாதிரி எண்ணைப் பார்க்காமல் உள்ளே அனுப்பினால் அவர் உயிரையே இழக்கலாம்.

உடலில் பொருத்தப்படும் கருவிகளை மூன்றாக வகைப்படுத்துகிறார்கள்: எம்ஆர்ஐக்குப் பாதுகாப்பானது, நிபந்தனைக்கு உட்பட்டது, பாதுகாப்பற்றது. நடுவில் உள்ள வகைதான் கடினம். 3 டெஸ்லாவில் சோதித்துச் சரியென்று சொல்லப்பட்ட கருவி 1.5 டெஸ்லாவிலும் சரியாகத்தானே இருக்கும், வலிமை குறைவுதானே என்று யாருக்கும் தோன்றும். அது தவறு. வானொலி அலையின் நீளம் இரண்டிலும் வெவ்வேறு. 1.5 டெஸ்லாவில் உடலுக்குள் அரை அலையின் நீளம் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். 3 டெஸ்லாவில் அதில் பாதி. உடலுக்குள் இருக்கும் கம்பியின் நீளம் எந்த அலைக்குப் பொருந்துகிறதோ அங்கே அது அதிகமாகச் சூடேறும். வலிமை குறைந்த இயந்திரத்தில் அதிகச் சூடு என்பது உள்ளுணர்வுக்கு எதிரான பாடம். யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் அது மனத்தில் நிற்கும்.

யாருக்கெல்லாம் இந்தப் படிப்பு?

2001 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மயக்க மருந்துடன் எம்ஆர்ஐக்குள் படுத்திருந்தான். ஆக்சிஜன் கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டபோது உலோக ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று அறைக்குள் கொண்டுவரப்பட்டது. காந்தம் அதை இழுத்தது. பறந்து வந்த சிலிண்டர் தாக்கிச் சிறுவன் இறந்தான். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2002இல் எம்ஆர்ஐ பாதுகாப்பு வழிகாட்டியை முதன்முதலாக வெளியிட்டது. அதன் பிறகு பலமுறை திருத்தியிருக்கிறது.

2018 ஜனவரியில் மும்பையில் ஓர் இளைஞர், நோயாளியான உறவினருக்கு உதவியாக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்ஐ அறைக்குள் போனார். இயந்திரம் அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தினர் பிறகு தெரிவித்தார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை.

இரண்டிலும் விபத்தின் வேர், இயந்திரத்தை இயக்கத் தெரியாமையில் இல்லை; காந்தம் ஓய்வதில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை. ரேடியோகிராஃபர் எவ்வளவு படித்திருந்தாலும், சக்கர நாற்காலி தள்ளுபவரும் இரவில் தரை துடைப்பவரும் அவசரத்தில் ஓடிவரும் மருத்துவரும் அறியாமல் இருந்தால் அந்த அறை பாதுகாப்பானதாக ஆகாது. ஆகவே நல்ல மருத்துவமனை தொடர்கல்வியை ரேடியோகிராஃபரோடு நிறுத்தாது.

அமெரிக்க வழிகாட்டி எம்ஆர்ஐ பகுதியை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. முதலாவது யாரும் நடமாடும் இடம். இரண்டாவதில் நோயாளியிடம் கேள்விகள் கேட்டு உடை மாற்றுவார்கள். மூன்றாவதற்குள் பயிற்சி பெற்றவர் துணையின்றி நுழையக் கூடாது. நான்காவது காந்தம் இருக்கும் அறை. நான்காம் மண்டலத்தில் படுத்திருக்கும் ஒருவரின் இதயம் நின்றுவிட்டால் என்ன செய்வது? இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. ஒத்திகை பார்க்க வேண்டும். உயிர்காக்கும் குழு மானிட்டரும் மின்அதிர்ச்சிக் கருவியும் ஆக்சிஜனுமாக ஓடிவரும். அவர்களை உள்ளே விடக் கூடாது. மார்பை அழுத்தத் தொடங்கியபடியே நோயாளியை வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு, அங்கே சிகிச்சையைத் தொடர வேண்டும். ‘காந்தத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடலாமே’ என்று தோன்றலாம். அழுத்தினாலும் காந்தம் உடனே அடங்காது. ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகலாம். கொதித்தெழும் ஹீலியம் திரவமாக இருந்ததைப் போல் ஏறக்குறைய 700 மடங்கு விரியும். வெளியேற்றும் குழாயில் கோளாறு இருந்தால் அறையில் மூச்சுவிடக் காற்றில்லாமல் போகும். ஒருவர் காந்தத்துக்கும் இரும்புப் பொருளுக்கும் இடையில் சிக்கிக்கொண்டால் பயன்படுத்த வேண்டிய பொத்தான் அது.

இந்தப் பாடமும் மாறிக்கொண்டிருக்கிறது. வழக்கமான காந்தத்தில் 1,500 லிட்டர் அளவுக்கு ஹீலியம் இருக்கும். 2018 முதல் வந்திருக்கும் ஒரு வகைக் காந்தம் 7 லிட்டரோடு முழுமையாக மூடப்பட்டது. அதற்கு வெளியேற்றும் குழாயே இல்லை. பொதுமக்கள் நெருங்கக் கூடாத எல்லையை 5 காஸ் கோடு என்று பல ஆண்டுகளாகக் கற்பித்தார்கள் (ஒரு காஸ் என்பது டெஸ்லாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு). 2022இல் திருத்தப்பட்ட சர்வதேசத் தரநிலை அதை 9 காஸ் என்று மாற்றியது. பழைய புத்தகத்தை வைத்துத் தேர்வு எழுதியவர் இதை எங்கே கேள்விப்படுவார்?

இந்த ஊருக்கே உரிய பாடங்கள்

வெளிநாட்டுப் பாடநூல் எதுவும் முழுதாகச் சொல்லித்தராத பகுதி ஒன்று உண்டு. ஸ்கேனுக்கு முன் நோயாளியிடம் கேட்கும் கேள்விகள் அவை. என் பார்வையில் சிங்கப்பூர் ரேடியோகிராஃபருக்குத் தொடர்கல்வியில் மிக முக்கியமான பகுதி இதுவே.

கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தமிழ் ஊழியர் ஒருவர் முதுகுவலிக்காக எம்ஆர்ஐக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கண்ணில் உலோகக் காயம் உண்டா?’ என்று படிவம் கேட்கிறது. அவர் ‘இல்லை’ என்று குறிக்கிறார். காயம் என்றால் ரத்தம் வந்து தையல் போட்டதைத்தான் அவர் நினைக்கிறார். அதே கேள்வியை, “அண்ணே, கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்த்திருக்கிறீர்களா? எப்போதாவது கண்ணில் தூசு விழுந்து டாக்டரிடம் எடுத்ததுண்டா?” என்று கேட்டால், “அது நாலைந்து தடவை நடந்திருக்கிறதே!” என்பார். கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துகள் காந்தத்தில் அசைந்து ஒருவர் பார்வை இழந்தது 1986இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கேள்வியின் சொற்களை மாற்றியதால் ஒருவரின் பார்வை தப்புகிறது.

அடுத்தது நகை. தங்கமும் வெள்ளியும் செம்பும் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை. ஆனால் இவை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வானொலி அலை இவற்றில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடேற்றலாம், படத்தையும் கெடுக்கும். சங்கிலியின் கொக்கிக்குள் எஃகுச் சுருள் இருந்தால் இழுக்கவும் செய்யும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் நம் பாட்டிமார் பலருக்குக் கண் கலங்கிவிடும். “கட்டாயம் கழற்ற வேண்டும்” என்று ஸ்கேன் அறை வாசலில் சொல்வது ஒரு வழி. முன்பதிவு நாளிலேயே, “அம்மா, அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டிப் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவைப்பது இன்னொரு வழி. இரண்டாவதைச் சொல்லும் சீன, மலாய் ரேடியோகிராஃபர் அதை ஒரு தமிழ் ஊழியரிடம் கற்றிருப்பார். மெட்டி, மூக்குத்தி, வெள்ளி அரைஞாண், செப்புத் தகடு வைத்த தாயத்து ஆகியவையும் அதே பட்டியலில் சேரும். அரைஞாண் சட்டைக்கும் கால்சட்டைக்கும் உள்ளே மறைந்திருப்பதால், குறிப்பாகக் கேட்டாலன்றி யாரும் சொல்வதில்லை.

சூசுக் என்பது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். அழகுக்காகவோ நலத்துக்காகவோ, தங்கத்தாலோ வெள்ளியாலோ ஆன நுண்ணிய ஊசிகளை முகத்தின் தோலுக்குள் செருகிக்கொள்வார்கள். அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற நம்பிக்கையும் உண்டு. குடும்பத்தினருக்கும் தெரியாது. தலையின் எக்ஸ்ரேயில் அந்த ஊசிகள் பளிச்சென்று தெரிந்த பிறகே பல நேரங்களில் மருத்துவர்களுக்குத் தெரியவருகிறது. இப்படிப்பட்டவரிடம் உறவினர் எதிரே கேள்வி கேட்டால் உண்மையான பதில் வராது. தனியே அழைத்து, குறைசொல்லும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது, நியூயார்க்கிலிருந்து வராது.

எம்ஆர்ஐ பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வரும் புகார்களில் அதிகம் இடம்பெறுவது தீப்புண்ணே. தொடையும் தொடையும் தொட்டுக்கொண்டிருந்தாலோ, கைகளைக் கோத்து வைத்திருந்தாலோ உடலே ஒரு மின்வளையமாகி, தோல் தொடும் இடத்தில் சுட்டுவிடும். ரேடியோகிராஃபர் கால்களுக்கு இடையே மெத்தைத் துண்டு வைப்பதும், கையைப் பிரித்துவைக்கச் சொல்வதும் இதனால்தான். சாமி கும்பிடுவதுபோல் கைகூப்பியபடி படுக்கும் முதியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வெள்ளி இழை கலந்த விளையாட்டு உடைகளும், பின்புறம் உலோகத் தாள் உள்ள, தோலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டைகளும் புதிதாகச் சேர்ந்த கவலைகள்.

சிங்கப்பூரில் ஏற்பாடு எப்படி இருக்கிறது?

ரேடியோகிராஃபராக விரும்புவோர் முன்பு நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் படித்தார்கள். 2016இல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. எம்ஆர்ஐயின் அடிப்படை அங்கேயே வந்துவிடும். ஆனால் ஓர் எம்ஆர்ஐ அறையைத் தனியாக நடத்தும் தேர்ச்சி வேலையில் சேர்ந்து, மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் பல மாதங்கள் பழகிய பிறகே வருகிறது.

மருத்துவர்களுக்கு 2003 முதல் தொடர் மருத்துவக் கல்வியைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் கட்டாயமாக்கியிருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் வேண்டிய புள்ளிகளைச் சேர்த்தால்தான் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க முடியும். கருத்தரங்கில் கலந்துகொள்வது, மருத்துவமனைக்குள் நடக்கும் கலந்துரையாடல், ஆய்வுக் கட்டுரை எழுதுவது, தாமே படிப்பது என்று புள்ளிகளுக்குப் பல வழிகள் உண்டு. மருத்துவர் அல்லாத சுகாதாரத் தொழில்களுக்கான சட்டம் 2011இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வெளிநாடு சென்று பயில சுகாதார அமைச்சின் மனிதவள மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. ரேடியோகிராஃபர்களுக்கும் ரேடியாலஜிஸ்ட்களுக்கும் இங்கே தனித்தனிச் சங்கங்கள் உண்டு.

உலகின் மிகப் பெரிய எம்ஆர்ஐ கூட்டமான சர்வதேசக் காந்த அதிர்வு மருத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாடு 2016இலும் 2024 மே மாதத்திலும் சன்டெக் மண்டபத்தில் நடந்தது. அந்தச் சங்கத்தில் ரேடியோகிராஃபர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. விஞ்ஞானியும் மருத்துவரும் ஸ்கேன் எடுப்பவரும் ஒரே கூரையின்கீழ் கூடுவதை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தத் துறையில் ஒருவர் கற்பது மற்றவரிடம் போய்ச் சேரவில்லையென்றால் பயன் பாதிதான்.

புரோஸ்டேட் எம்ஆர்ஐயை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரியும் புள்ளி புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 1 முதல் 5 வரை மதிப்பிட, பைராட்ஸ் என்ற முறை 2012இல் வந்தது. 2015இல் இரண்டாம் பதிப்பு; 2019இல் அதற்கும் ஒரு திருத்தம். ரேடியாலஜிஸ்ட் புதிய பதிப்பைப் படித்துவிட்டார் என்றால் மட்டும் போதுமா? நீரின் நகர்வைக் காட்டும் படவரிசையை எந்த அமைப்பில் எடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ரேடியோகிராஃபர் பழைய அமைப்பிலேயே எடுத்தால், படிக்க வேண்டிய படமே அவர் கையில் இருக்காது. எழுதிக்கொடுத்த சிறுநீரியல் மருத்துவருக்கு 3 என்ற எண்ணின் பொருள் தெரியாவிட்டால் அந்த அறிக்கையும் வீண். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நோயாளியின் படத்தைப் பார்க்கும் கூட்டம் எந்தச் சொற்பொழிவையும்விட அதிகம் கற்றுத்தரும்.

தொடர்கல்விப் புள்ளிகளைப் பற்றி என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். புள்ளிமுறை தேவை, அது இல்லாவிட்டால் வேலைச் சுமையில் படிப்பு முதலில் கைவிடப்படும். ஆனால் ஆண்டுக் கடைசியில் எண்ணிக்கையை நிரப்புவதற்காக, தம் வேலைக்குத் தொடர்பில்லாத உரையைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பது கல்வி ஆகாது. சென்ற மாதம் எந்தெந்த ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது, ஏன் என்று ஒரு குழு உட்கார்ந்து பார்த்தால், நோயாளி அசைந்தாரா, மூச்சை அடக்கச் சொன்ன மொழி அவருக்குப் புரியவில்லையா, சமிக்ஞையைப் பிடிக்க உடலை ஒட்டி வைக்கும் சுருள் சரியாகப் பொருந்தவில்லையா என்பது தெரியும். நூலிழையில் தப்பிய சம்பவத்தை மறைக்காமல் பேசும் கூட்டம் அதைவிட மேல். பைக்குள் மறந்துபோன கத்தரிக்கோலுடன் மூன்றாம் மண்டலம் வரை வந்துவிட்ட தாதி அதை எழுதிக்கொடுத்தால் அவருக்குத் திட்டு கிடைக்குமா, நன்றி கிடைக்குமா என்பதை வைத்தே அந்தத் துறையில் கல்வி நடக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

இப்போது படத்தை உருவாக்கும் வேலையிலும் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கிறது. குறைவான தரவிலிருந்து தெளிவான படத்தை உருவாக்கி, ஸ்கேன் நேரத்தைப் பெரிதும் குறைக்கிறது. வலியில் துடிப்பவருக்கும் குழந்தைகளுக்கும் இது வரம். ஆனால் கணினி மெருகேற்றிய படத்தில் சிறிய பிழை அழகாக மறைந்துவிடலாம். எதை நம்பலாம், எந்த இடத்தில் பழைய முறையில் ஒரு படவரிசை கூடுதலாக எடுக்க வேண்டும் என்பதை இயந்திரம் விற்ற நிறுவனத்தின் பயிற்சியாளர் இரண்டு நாளில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தத் துறையே தன் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கற்க வேண்டியது அது.

நோயாளியாகவோ துணையாகவோ செல்பவர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. உடலில் எந்தக் கருவி பொருத்தியிருந்தாலும், அறுவை சிகிச்சையின்போது கொடுத்த அட்டையைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். அதில் உள்ள மாதிரி எண்ணை வைத்துத்தான் எந்த இயந்திரத்தில், எந்த நிபந்தனையோடு எடுக்கலாம் என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ செய்த அறுவை சிகிச்சை என்றால் இங்குள்ள மருத்துவப் பதிவில் அது இருக்காமல் போகலாம். அந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளை முன்கூட்டியே வரவழையுங்கள். அறுவை சிகிச்சை நடந்தது 30 ஆண்டுகளுக்கு முன்பு என்றாலும் சொல்லுங்கள். ஆங்கிலப் படிவம் புரியவில்லை என்றால் புரிந்ததுபோல் கையெழுத்திட வேண்டாம். தமிழில் விளக்க ஒருவரைக் கேளுங்கள். ஒரே கேள்வியை முன்பதிவின்போது ஒருவரும், உடை மாற்றும் இடத்தில் ஒருவரும், கதவருகே இன்னொருவரும் கேட்டால் எரிச்சல் வேண்டாம். மூன்றாவது முறை கேட்டபோதுதான் நினைவுக்கு வந்த கருவிகள் ஏராளம் என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கும்படி அவர்களுக்கே கற்பிக்கப்பட்டிருக்கிறது.